டைனமோவுக்கு எதற்குப் பளபளப்பு? பழைய கார் மின் பாகங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய காரைப் புதுப்பிக்கிறவர்கள் பாடி பெயிண்டின் நிறத்துக்காக மாதக்கணக்கில் அலைவார்கள். பானெட்டுக்குள் இருக்கும் டைனமோ (மின்சாரம் உண்டாக்குவது), ஸ்டார்ட்டர் (இன்ஜினைச் சுழற்றிக் கிளப்பும் மோட்டார்), ரெகுலேட்டர் (டைனமோவின் மின்சாரத்தைக் கட்டுப்படுத்துவது) என்று வந்தால் மட்டும் எல்லாவற்றையும் பஃபிங் (சுழலும் சக்கரத்தில் தேய்த்துப் பாலிஷ்) போட்டு மின்ன வைத்துவிடுவார்கள். இவற்றில் பெரும்பாலானவை தொழிற்சாலையை விட்டு வந்தபோதே மின்னவில்லை. பிரிட்டிஷ் நிறுவனமான லூகாஸின் சி40 மாதிரியான டைனமோவில் உடல் கறுப்பு பெயிண்ட். முனையில் இருக்கும் அலுமினிய மூடி வார்த்தபடியே, மங்கிய சாம்பல் நிறத்தில் இருக்கும்.

கழற்றிய கையோடு சாண்ட் பிளாஸ்டிங்குக்கு (மணலை வேகமாகப் பீய்ச்சிச் சுரண்டுவதற்கு) அனுப்புவதுதான் முதல் தவறு. அசல் பூச்சு எது என்பதைப் பாகமே சொல்லும். திருகுத் தலைக்கு அடியில், கிளாம்ப் இறுக்கிப் பிடித்திருந்த பட்டையில், கேஸ்கெட் உட்கார்ந்திருந்த இடத்தில் பழைய பூச்சு தப்பித்திருக்கும். முதலில் அதை நல்ல வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள். உடலில் குத்தியிருக்கும் பாக எண்ணையும் தேதியையும் சேர்த்து எடுங்கள். பஃபிங் சக்கரம் ஒருமுறை ஓடினால் அவை மழுங்கிவிடும். பிளாஸ்டிங் மணலுக்கு இன்னொரு குணமும் உண்டு: ஷாஃப்டைத் தாங்கும் வெண்கல புஷ்ஷுக்குள் புகுந்து, ஷாஃப்டை அரித்துக்கொண்டே இருக்கும்.

திருகு, கிளிப், பிராக்கெட் போன்ற சின்னச் சாமான்களில்தான் அதிகம் ஏமாறுகிறோம். அந்தக் காலத்தில் இவற்றில் பலவற்றுக்குக் காட்மியம் முலாம். வெள்ளிபோல, ஆனால் அடங்கிய சாயல். இன்று பிளேட்டிங் கடையில் சும்மா கொடுத்தால் வானவில் மின்னும் மஞ்சள் ஜிங்க் (துத்தநாக) முலாம் போட்டுத் தந்துவிடுவார்கள், தூரத்திலிருந்தே காட்டிக்கொடுக்கும். நிறமில்லாத ஜிங்க் கேட்டு வாங்கி, நைலான் தேய்ப்பானால் லேசாக மங்க வையுங்கள், கிட்டத்தட்ட ஒத்துப்போகும். ஸ்டீல் வூல் வேண்டாம். அதன் இரும்புத் தூசி டைனமோவின் கம்பிச் சுருளுக்குள் போனால் ஷார்ட் ஆகும். பழைய காட்மியத்தை வயர் பிரஷ்ஷால் தேய்ப்பதோ சூடாக்குவதோ கூடவே கூடாது. அந்தத் தூசியும் புகையும் விஷம்.

பிரஷ் ஸ்பிரிங் (டைனமோவுக்குள் கார்பன் பிரஷ்ஷை அழுத்திப் பிடிப்பது) போன்ற கடினமாக்கிய எஃகுச் சாமான்களை முலாமுக்கே அனுப்பாமல் இருப்பது நல்லது. அமிலத்தில் ஊறும்போது ஹைட்ரஜன் எஃகுக்குள் இறங்கி, பிறகு ஒருநாள் படக்கென்று உடையும்.

பவுடர் கோட்டிங் (பெயிண்ட் பொடியைத் தூவிச் சூட்டில் உருக்கிப் பூசுவது)? அடுப்பில் வேகும் சூடு பொதுவாக 180 முதல் 200 டிகிரி செல்சியஸ். சுருளின் கம்பி முனைகளை ஒட்டியிருக்கும் ஈய-வெள்ளீய சால்டர் 183 டிகிரியிலேயே உருகத் தொடங்கும். அதனால் உள்ளே சுருள் இருக்கும் எதற்கும் அது ஆகாது. போதாக்குறைக்கு, தடித்த பூச்சில் குத்திய எழுத்துகளும் புதைந்துபோகும்.

ஹெட்லைட் ரிஃப்ளெக்டர் (பல்புக்குப் பின்னால் வெளிச்சத்தைத் திருப்பும் கிண்ணம்) தனிக்கதை. பழையவற்றில் பித்தளை மேல் வெள்ளி முலாம் இருக்கும். கறுத்துவிட்டதே என்று குரோம் போடுகிறவர்கள் உண்டு. கையில் பிடித்துப் பார்க்க அழகுதான். ஆனால் வெள்ளி தன் மேல் விழும் வெளிச்சத்தில் சுமார் 95 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும், குரோம் சுமார் 65 சதவீதம்தான். ஏற்கெனவே மங்கலான 6 வோல்ட் பல்பில் இந்த இழப்பு சாலையில் தெரியும். திரும்ப வெள்ளி முலாமே போடுங்கள், உலோக பாலிஷ் எதையும் அதன் பக்கம் கொண்டுபோகாதீர்கள். ஹெட்லைட்டின் வெளி வளையத்தைப் பொறுத்தவரை காரின் வயதைப் பாருங்கள்: குரோம் பரவலானது 1920களின் கடைசியில். அதற்கு முந்தைய காருக்கு நிக்கல்தான், லேசான மஞ்சள் சாயலோடு.

அப்புறம் எர்த், அதாவது காரின் உலோக உடல் வழியாக மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு. ரெகுலேட்டரின் அடித்தகடு, ஸ்டார்ட்டரின் பொருத்து முகம் இரண்டும் பல கார்களில் மின்சாரம் திரும்பும் வழி. அழகாக முழுக்கப் பெயிண்ட் அடித்து மாட்டினால் சார்ஜ் ஆகாது, ஸ்டார்ட்டர் முனகும். பெயிண்ட் அடிக்கும் முன் அந்த இடங்களை டேப்பால் மறையுங்கள். மாட்டும்போது வெறும் உலோகமாகவே உட்கார வைத்து, இறுக்கிய பிறகு ஓரத்தில் கொஞ்சம் பெட்ரோலியம் ஜெல்லி தடவினால் துருவும் ஏறாது.