சண்டிகருக்குச் செல்லும் குமரி மாவட்டத்தார் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருவனந்தபுரம் வடக்கு என்று பெயர் மாறிவிட்ட கொச்சுவேலியில் சம்பர்க் கிராந்தி ரயிலேறிச் சண்டிகரில் போய் இறங்கும் நம் மாவட்டத்தார் பலர், "என்ன ஊர் இது, தெருவில் ஆளையே காணோம்" என்று அலுத்துக்கொள்வதுண்டு. பெருஞ்சாலையில் நின்று ஊரை அளப்பதுதான் முதல் தவறு.

1947 பிரிவினையில் லாகூர் பாகிஸ்தானுக்குப் போய்விட்டதால், பஞ்சாபுக்குப் புதுத் தலைநகராக இது எழுப்பப்பட்டது. கட்டடக் கலைஞர் லெ கார்பூசியே வகுத்த திட்டத்தில் நகரம் எண்ணிட்ட 'செக்டர்' என்னும் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது; ஒரு செக்டர் ஏறத்தாழ 1,200 மீட்டர் நீளமும் 800 மீட்டர் அகலமும் கொண்டது. அதைச் சுற்றி ஓடும் வேகச் சாலைகளை நோக்கி எந்த வீட்டுக்கும் வாசல் கிடையாது. நாகர்கோவிலில் வீட்டுப் படி இறங்கினால் ரோடு; அங்கே ரோட்டிலிருந்து தெரிவது மரமும் மதிலும் மட்டுமே. கடையும் பள்ளிக்கூடமும் மனித நடமாட்டமும் செக்டருக்கு உள்ளே, அதைக் குறுக்காகக் கடக்கும் கடைத்தெருவில் இருக்கின்றன.

சர்ச்சுக்குப் பின்னால், குளத்தங்கரைக்கு எதிரே என்று வழி கேட்கும் நம் பழக்கமும் அங்கே செல்லாது. செக்டர் எண்ணை '22' என்று மட்டும் சொன்னால் ஆட்டோக்காரர் ஏதாவதொரு மூலையில் இறக்கிவிடுவார், பெட்டியோடு ஒரு கிலோமீட்டர் நடக்க நேரிடும்; '22-சி' என்று பிரிவெழுத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பக்கத்தில் ஹரியானாவைச் சேர்ந்த பஞ்ச்குலாவிலும் 10-ஆம் செக்டர் உண்டு என்பதால், விடுதி பதிவு செய்யும்போது ஊர்ப்பெயரைச் சரிபார்க்காதவர் வேறு மாநிலத்தில் போய்த் தங்குவார். பேருந்து நிலையமும் 17, 43 என இரண்டு செக்டர்களில் இருக்கிறது.

2016-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற கேபிடல் வளாகம், தலைமைச் செயலகமும் சட்டமன்றமும் உயர் நீதிமன்றமும் பஞ்சாப், ஹரியானா இரண்டுக்கும் இயங்கும் இடம். அசல் அடையாள அட்டையுடன் வழிகாட்டிச் சுற்றுலாவில் சேராமல் நேரே போனால், காவலரைப் பார்த்துவிட்டு வாசலிலிருந்தே திரும்பிவிட வேண்டியதுதான். டிசம்பர், ஜனவரியில் மூடுபனியால் ரயில்கள் தாமதமாகும். நம்மூரில் கம்பளி வாங்கிப் பழக்கமில்லாதவர்கள் அந்தக் குளிரையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ராக் கார்டனைக் கடைசி அரைமணி நேரத்துக்கு ஒதுக்குவது என்னைப் பொறுத்தவரை பெரிய இழப்பு. அளந்து கட்டிய அந்த நகரத்தின் ஓரத்தில், நேக் சந்த் என்ற அரசு சாலை ஆய்வாளர், உடைந்த வளையல்களையும் பீங்கான் துண்டுகளையும் பொறுக்கி வந்து, எவரிடமும் அனுமதி கேட்காமல் பல ஆண்டுகள் மறைவாகக் கட்டிய தோட்டம் அது. 1976-இல்தான் பொதுமக்களுக்குத் திறந்தார்கள்.