பெரணியும் இன அழிவும்: எங்கே தவறு செய்கிறோம்?

"டைனோசர்கள் அழிந்தன, பெரணிகள் (ஃபெர்ன் செடிகள்) தப்பித்தன." விடைத்தாள்களில் இந்த வரியைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. முழுப் பொய் இல்லை என்பதுதான் இதிலுள்ள வம்பு.

6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் மோதியதன் அடையாளமாக, இரிடியம் என்ற அரிய உலோகம் செறிந்த மெல்லிய களிமண் அடுக்கு உலகின் பல பகுதிகளில் கிடைக்கிறது. அமெரிக்காவின் ராட்டன் படுகையில், அந்த அடுக்குக்குக் கீழேயுள்ள பாறைத் துணுக்கை அமிலத்தில் கரைத்து, மிஞ்சுவதை நுண்ணோக்கியில் பார்த்தால் பூக்கும் தாவரங்களின் மகரந்தம் விதவிதமாகத் தெரியும். அடுக்குக்கு மேலே சில சென்டிமீட்டர் வரை கதையே வேறு: பெரும்பாலும் பெரணி ஸ்போர்கள்தான், அதாவது விதைக்குப் பதிலாகப் பெரணி உதிர்க்கும் நுண்துகள்கள். இன்னும் மேலே போனால் மகரந்தம் மெல்லத் திரும்புகிறது. இதைப் பெரணி உச்சம் என்கிறார்கள்.

ஸ்போர் அளவைக் காட்டும் வரைபடத்தில் கோடு ஏறுவதைப் பார்த்ததும் பெரணி இனங்கள் பெருகின என்று எழுதிவிடுகிறார்கள். அந்தக் கோடு காட்டுவது சதவீதம். மகரந்தம் காணாமல் போனால், ஸ்போர் ஒன்றுகூடக் கூடாமலேயே அதன் பங்கு ஏறிவிடும். தவிர, ஒரே இலை லட்சக்கணக்கில் ஸ்போர்களைக் கொட்டும். ஸ்போரை எண்ணிச் செடிக்குக் கணக்குச் சொல்ல முடியாது. அந்த ஸ்போர்களும் பெரும்பாலும் ஒருசில வகைகளைச் சேர்ந்தவைதான். வெறுமையான நிலத்தை ஒருசில இனங்கள் வளைத்துக்கொண்டன, அவ்வளவுதான். எத்தனை பெரணி இனங்கள் அழிந்தன என்ற கேள்விக்கு அந்த உச்சத்தில் விடை இல்லை.

முதலில் வந்து சேர்வதையும் தப்பிப் பிழைப்பதையும் குழப்பிக்கொள்வது இதைவிடப் பெரிய தவறு. 1883-இல் இந்தோனேசியாவின் கிரக்கட்டோவா எரிமலை வெடித்துத் தீவைச் சாம்பலால் மூடியது. 1886-இல் அங்கே போன தாவரவியலர் மெல்ச்சியோர் ட்ரியூப் பார்த்த செடிகளில் பெரணிகளே மேலோங்கியிருந்தன. அவை வெடிப்பைத் தாங்கி நின்றவை என்று கொள்ளத் தேவையில்லை. தூசு போன்ற ஸ்போர் காற்றில் கடல் தாண்டும். மகரந்தம் சுமக்கப் பூச்சியும் வேண்டாம். பல இனங்களில் ஒரே ஸ்போரிலிருந்து முளைப்பது தன்னைத்தானே கருவுறச் செய்துகொள்ளும்.

அடுத்து, பழங்காலத்திலிருந்து மாறாமல் இருப்பது என்ற பொருளில் தரப்படும் "வாழும் தொல்லுயிர்" என்ற பட்டம். பெரணி வம்சம் 35 கோடி ஆண்டுகளுக்கும் மூத்தது, சரி. ஆனால் இன்றுள்ள பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்களில் பெரும்பகுதி பாலிபோட் என்ற பிரிவைச் சேர்ந்தவை. பூக்கும் தாவரங்கள் காட்டை நிரப்பிய பிறகு, அவற்றின் நிழலில் கிளைத்துப் பெருகியவை. அந்தப் பட்டம் அரச பெரணிக்கு வேண்டுமானால் பொருந்தும்: ஸ்வீடனில் கிடைத்த சுமார் 18 கோடி ஆண்டுப் பழைய தண்டுப் புதைபடிவத்தில் உட்கருவும் குரோமோசோமும்கூடத் தெரிகின்றன, இன்றைய உறவினரோடு ஒப்பிட்டால் பெரிய மாற்றமில்லை.

பெயரை நம்பி ஏமாறுவதும் உண்டு. சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன், பெர்மியன் காலத்தின் முடிவில் அழிந்த குளோசோப்டெரிஸை "விதைப் பெரணி" என்கிறோம். அது விதைத் தாவரம், பெரணி அல்ல.

இலையைக் காணோம் என்றதும் இனமே போய்விட்டது என்று முடிவு கட்டுவதுதான் களத்தில் நடக்கும் தவறு. பெரணிக்கு இரண்டு உடல்கள். நாம் பார்க்கும் இலைச்செடி ஒன்று. மற்றது ஸ்போரிலிருந்து முளைத்து, கருவுறுதல் நடக்கும் கேமீட்டகத் தாவரம்: பெரும்பாலும் இதய வடிவில், நகத்தைவிடச் சிறிதாக, ஈரப் பாறையில் ஒட்டியிருக்கும். பாசி என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவோம். பெரணி சேகரிக்கும் மோகம் பிரிட்டனைப் பிடித்து ஆட்டிய 19-ஆம் நூற்றாண்டில் கில்லார்னி பெரணியின் இலைச்செடிகளைப் பறித்தே தீர்த்தார்கள். இலைச்செடி இல்லாத பாறையிடுக்குகளிலும் அதன் கேமீட்டகத் தாவரம் பச்சைப் பஞ்சுபோல் படர்ந்திருப்பது வெகுகாலம் கழித்தே தெரியவந்தது.

அட்லாண்டிக் கடலிலுள்ள அசென்ஷன் தீவின் அனோகிராம்மா அசென்ஷனிஸ் என்ற பெரணி 2003-இல் அழிந்த இனமாகப் பட்டியலிடப்பட்டது. 2009-இல் கிரீன் மலைச் சரிவில் நான்கு செடிகள் கிடைத்தன. அவற்றின் ஸ்போர்களிலிருந்து லண்டனின் கியூ தாவரத் தோட்டத்தில் புதிய செடிகளை வளர்த்தெடுத்தார்கள்.

இதற்கு நேரெதிரான ஒன்றும் இருக்கிறது. அமெரிக்க அப்பலாச்சியப் பாறைக் குகைகளில் வாழும் விட்டேரியா அப்பலாச்சியானா என்ற பெரணிக்கு முதிர்ந்த இலைச்செடியே கிடையாது. கேமீட்டகத் தாவரம் மட்டும் தன்னிலிருந்து சிறு துணுக்குகளை உதிர்த்து, ஈரப் பாறைகளில் ஒட்டிப் படர்ந்துகொண்டிருக்கிறது.