பாலக்கோட்டிலிருந்து பாம்பன் தீவுக்கு: வேன் பிடிக்காமல் கடல் பார்க்க

எங்கள் ஊரில் ராமேஸ்வரம் என்றாலே வேன்தான். ராத்திரி ஏறுவார்கள், விடியலில் 22 தீர்த்தம் ஆடுவார்கள், ஈரத்துணி காய்வதற்குள் திரும்பிவிடுவார்கள். அந்த ஊர் பாம்பன் தீவில் இருக்கிறது, சுற்றிலும் கடல் என்ற நினைப்பே இருக்காது. நாங்கள் இரண்டு முறை பஸ்ஸிலும் ரயிலிலும் போய், கடலுக்காகவே தங்கினோம். மூன்று பகல், இரண்டு இரவு இருந்தால் போதும்.

முதலில் மாதத்தைப் பாருங்கள். நான் தையல்காரி, பொங்கல் துணியெல்லாம் கொடுத்து முடித்த பிறகுதான் மூச்சு விடுவேன். மாசி மாதம் அதற்கு வாகாக அமைந்தது. தை அமாவாசை, சிவராத்திரி, ஆடி அமாவாசை நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். அறை கிடைக்காது, கிடைத்தாலும் விலை சொல்ல முடியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் போகாது, மீன் தின்னவே போகிறவர்களுக்கு அது ஏமாற்றம்தான்.

இனி வழி. பாலக்கோட்டிலிருந்து தர்மபுரி வந்து, அங்கிருந்து சாயங்காலம் சேலம் பஸ். சேலத்தில் சாப்பிட்டுவிட்டு மதுரை பஸ். நாமக்கல், கரூர், திண்டுக்கல் வழியாகப் போகும், விடிவதற்கு முன் மதுரை மாட்டுத்தாவணி பஸ் நிலையத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து டவுன் பஸ்ஸில் பெரியார் நிலையம், பக்கத்திலேயே ரயில்வே ஜங்ஷன். அங்கே ராமேஸ்வரத்துக்குக் காலை பாசஞ்சர். முன்பதிவு வேண்டாம், டிக்கெட் வாங்கி ஏறினால் போதும். கிட்டத்தட்ட நான்கு மணி நேரம். புறப்படும் நேரத்தை மட்டும் முந்தின நாளே பார்த்துக்கொள்ளுங்கள். மதுரையிலிருந்து நேராகவும் பஸ் இருக்கிறதே என்பார்கள். இருக்கட்டும். கடல்மேல் போகிற பாம்பன் பாலத்தைப் பகல் வெளிச்சத்தில் ரயில் ஜன்னலிலிருந்து பார்க்கத்தான் இத்தனை பாடு.

2023-ல் போனபோது எங்களுக்கு அது வாய்க்கவில்லை. 1914-ல் திறந்த பழைய பாலத்தில் ரயிலை நிறுத்தியிருந்தார்கள். பாலத்துக்கு முன்னால் இருக்கிற மண்டபம் என்ற ஊரில் இறங்கி, மூட்டை முடிச்சோடு பஸ் மாறினோம். இப்போது 2025 ஏப்ரல் 6-ல் திறந்த புதுப் பாலம் இருக்கிறது. கப்பல் வந்தால் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே எழும்பும். இரண்டாம் முறை அதில்தான் போனோம், ரயில் மெதுவாக ஊர்ந்தது. அத்தை ஜன்னல் கம்பியைப் பிடித்த கையை அக்கரை வரும்வரை எடுக்கவில்லை.

அறையைக் கோயில் பக்கம் எடுங்கள். தீவின் கோடியில் இருக்கிற தனுஷ்கோடியில் தங்க இடமே இல்லை. முதல் நாள் மதியம் தூங்குங்கள், வெயிலில் அலைய வேண்டாம்.

இரண்டாம் நாள் காலையிலேயே 3-ஆம் எண் டவுன் பஸ்ஸில் தனுஷ்கோடி. சாலை முடிகிற அரிச்சல்முனை வரை போகிற பஸ்தானா என்று ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்டுவிடுங்கள். கடைசிப் பகுதியில் சாலைக்கு இரண்டு பக்கமும் தண்ணீர்தான். இடது பக்கம் பாக் நீரிணை, அதைப் பெண் கடல் என்கிறார்கள். வலது பக்கம் மன்னார் வளைகுடா, அது ஆண் கடல். பேரைக் கேட்டு எங்கள் வீட்டுக்காரர் சிரித்தார். ஆனால் விஷயம் இருக்கிறது: நாங்கள் போன மாசியில் இடது பக்கம் குளம்போலக் கிடந்தது. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று அடித்தால் பெண் கடல்தான் பொங்கும். ஆனி, ஆடியில் ஆண் கடல் முறை.

அரிச்சல்முனையில் காலை நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இரண்டு கடலும் சேரும் இடம், அடியில் நீரோட்டம் இழுக்கும். ஒகேனக்கலில் நீந்திய தைரியம் இங்கே எடுபடாது. நிழல் என்று ஒரு மரம்கூடக் கிடையாது. குடை, குடிதண்ணீர், பிள்ளைகளுக்குத் தொப்பி கட்டாயம். திரும்பும்போது பழைய ஊரில் இறங்குங்கள். 1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலில் ரயிலோடு ஊரையே கடல் கொண்டுபோனது. சர்ச் சுவரும் ரயில் நிலையத்தின் மிச்சமும் நிற்கின்றன. பக்கத்துக் குடிசைக் கடைகளில் மீன் வறுவல். எடைபோடும்போதே விலை பேசிவிடுங்கள். நாங்கள் தின்ற பிறகு பேசி ஏமாந்தோம்.

மாலை ஐந்து மணிக்குள் பஸ் ஏறிவிடுங்கள். இருட்டினால் போலீஸ் எல்லோரையும் கிளப்பிவிடுவார்கள், அந்த நேரத்தில் ஆட்டோக்காரர் சொல்வதுதான் விலை.

சரி, பிள்ளைகள் எங்கே குளிப்பது? அதற்கு மூன்றாம் நாள். ராமநாதபுரம் பஸ்ஸில் பாலம் தாண்டி, சுந்தரமுடையானில் இறங்கி ஆட்டோவில் அரியமான் கடற்கரை. தீவு இல்லைதான், ஆனால் ஆழமில்லாத அமைதியான கடல், சவுக்கு நிழல். கொண்டுபோன புளிசாதம் அங்கே தீர்ந்தது. காலையில் கிளம்பும்போதே பைகளையும் எடுத்துக்கொண்டு அறையைக் காலி செய்துவிட்டால், மாலையில் ராமநாதபுரம் போய் மதுரை பஸ் ஏறலாம். உப்புத்தண்ணீரில் நனைந்த துணிக்கு மட்டும் தனியாக ஒரு பிளாஸ்டிக் பை வையுங்கள். நான் மறந்துபோய், சேலம் வரை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.