பத்து மீட்டர் இடத்தில் ஏர் ரைஃபிள் ஸ்கோப்பை ஜீரோ செய்யும் முறை

இங்கிலாந்தில் வீட்டுத் தோட்டத்தில் ஏர் ரைஃபிள் (காற்றழுத்தத் துப்பாக்கி) சுடும் பலருக்கு 10 மீட்டருக்கு மேல் நீளம் கிடைப்பதில்லை. அந்த இடத்தில் நின்றே 30 மீட்டருக்கான ஜீரோவை, அதாவது ஸ்கோப் எனும் குறிபார்க்கும் தொலைநோக்கியின் குறுக்கு இழை காட்டும் இடத்திலேயே அத்தொலைவில் குண்டு படும் அமைப்பை, நெருங்கிவிடலாம். ஆனால் 10 மீட்டரில் குறியின் நடுவைத் துளைப்பது அதற்கான வழியன்று.

அந்நாட்டுச் சட்டப்படி, பெல்லட் (ஏர் ரைஃபிளின் சிறு குண்டு) வளாக எல்லையைத் தாண்டுவது குற்றமாகும். வெறும் செங்கல் சுவரில் பட்ட பெல்லட் சுட்டவரை நோக்கியே தெறித்து வரக்கூடும் என்பதால், குழாய் இடைவெளிகளை அடைக்க உதவும் மென்மையான புட்டியைக் கெட்டியாக அடைத்த மரப்பெட்டியைக் குறிக்குப் பின்னால் வைத்து, அருகில் நிற்பவர் உட்பட அனைவரும் பாதுகாப்புக் கண்ணாடி அணிய வேண்டும்.

ஸ்கோப்பைப் பொருத்தும்போது, தொலைவில் ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, ரைஃபிள் சாயாமல் இருக்கையில் செங்குத்து இழை அந்த நூலோடு ஒன்றிப்போகிறதா என்று பாருங்கள். 10 மீட்டரில் கண்ணுக்குத் தெரியாத சாய்வுதான் 30 மீட்டரில் பெல்லட்டைப் பக்கவாட்டில் இழுக்கும். பாராலாக்ஸ் வளையம் (கண் நகரும்போது இழை குறியின் மேல் நகர்வதுபோல் தோன்றும் பிழையை நீக்குவது) இருந்தால் 10 மீட்டருக்குத் திருப்புங்கள். இல்லையெனில் கண்ணை லென்ஸின் மையத்திலேயே நிலைநிறுத்துங்கள்.

இனி முக்கியமான கணக்கு. குழல் ஸ்கோப்புக்குக் கீழே இருப்பதால், பெல்லட் பார்வைக்கோட்டுக்குக் கீழிருந்து மேலேறி வருகிறது. 4.5 மி.மீ. விட்டமும் 0.54 கிராம் எடையும் உள்ள பெல்லட் நொடிக்கு ஏறத்தாழ 240 மீட்டர் வேகத்தில் புறப்பட, ஸ்கோப்பின் மையம் குழலின் மையத்திலிருந்து 4.5 செ.மீ. உயரத்தில் இருந்தால், 30 மீட்டர் ஜீரோவுக்கு 10 மீட்டரில் பெல்லட் குறிக்கு ஏறத்தாழ 9 மி.மீ. கீழே படவேண்டும். ஸ்கோப் இன்னும் 1 செ.மீ. உயர்ந்தால் இந்த இறக்கமும் ஏறத்தாழ 7 மி.மீ. கூடும். எனவே உயரத்தை அளவுகோல் வைத்து அளந்த பிறகே, குறிப்புள்ளிக்கு நேர் கீழே அந்தத் தொலைவில் பென்சிலால் ஒரு புள்ளி இடுங்கள். குறுக்கு இழை மேல்புள்ளியிலும், துளைகள் கீழ்ப்புள்ளியிலும் விழ வேண்டும்.

ஒற்றைத் துளையை நம்பி டரட்டை (ஸ்கோப்பின் திருத்தக் குமிழை) திருப்பக் கூடாது. ஐந்து முறை சுட்டு, அத்துளைக் கூட்டத்தின் மையத்திலிருந்து கீழ்ப்புள்ளிக்கு உள்ள இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். கால் எம்.ஓ.ஏ. (எம்.ஓ.ஏ. என்பது ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு) டரட்டில் ஒரு கிளிக், அதாவது குமிழின் ஒரு படி, 100 மீட்டரில் 7 மி.மீ. நகர்த்தினாலும் 10 மீட்டரில் 0.7 மி.மீ. மட்டுமே நகர்த்தும், ஆகவே 1 செ.மீ. நகர்த்த 14 கிளிக் தேவைப்படும் என்பதைக் கண்டு ஸ்கோப் பழுது என்று எண்ணிவிட வேண்டாம். ஸ்பிரிங் வகை ரைஃபிளை இறுக்கிப் பிடித்தால் துளைகள் சிதறும். முன்கட்டையைத் திறந்த உள்ளங்கையில் தளர்வாகக் கிடத்துவதே நல்லது.

10 மீட்டரில் 1 மி.மீ. பக்கவாட்டுப் பிழை 30 மீட்டரில் 3 மி.மீ. ஆகும் என்பதால், கிடைத்திசையில் கூடுதல் கண்டிப்பு தேவை. நீண்ட தளத்தில் சுட வாய்ப்புக் கிடைக்கும் நாளில், அதே பெல்லட்டை வைத்து 30 மீட்டரில் சோதித்து, மீதமிருக்கும் சில கிளிக்குகளை அங்கே திருத்திக்கொள்ளுங்கள்.