கிடாரைப் பரணில் ஏற்றாதீர்கள்

அப்பாவின் கிடாரைக் கெடுத்தது நான்தான். 2016 மே மாதம் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தபோது, தூசி படக் கூடாதே என்று துணிப் பையில் போட்டுப் படுக்கையறைப் பரணில் ஏற்றிவிட்டேன். எங்களுடையது திருவான்மியூரில் மேல் மாடி வீடு. பரணுக்கு மேலே மொட்டை மாடித் தளம்தான். வேலை முடிந்தும் மறந்துபோய், ஜூலையில்தான் இறக்கினேன். பெரம்பூரில் சர்ச் கொயருக்கு அப்பா வருஷக்கணக்காக வாசித்த கிடார். தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் பின்பக்கம் எழும்பி, ஒரு போஸ்ட் கார்டு நுழையும் அளவுக்கு வாய் பிளந்திருந்தது.

பழுது பார்ப்பவர் பையின் ஜிப்பைத் திறந்ததுமே கேட்டார்: “பரண்ல வச்சிருந்தீங்களாம்மா?”

ஆறு இரும்புத் தந்திகளும் சுருதியில் நிற்கும்போது அவை இழுக்கும் இழுவை ஏறக்குறைய 70 கிலோ. ஒரு ஆள் இரவும் பகலும் பிரிட்ஜைப் பிடித்துத் தொங்குகிற மாதிரி. அந்த இழுவையைத் தாங்குவது பலகைக்கும் பிரிட்ஜுக்கும் நடுவே இருக்கும் பசை. சூட்டில் பசை இளகும். அவ்வளவுதான் கதை. வெயிலில் நிறுத்திய காரிலும் இதேதான் நடக்கும், அங்கே ஒரே மத்தியானம் போதும்.

சரி, எங்கே வைப்பது? என் கிடார் இப்போது கட்டிலுக்கு அடியில், ஹார்ட் கேஸ் என்கிற கெட்டியான பெட்டிக்குள் படுத்திருக்கிறது. வெளிச்சுவர் இல்லாத நடு அறை, வெயில் நேராக விழாது. தரை துடைக்கும் தண்ணீர் படாமலிருக்க, கேஸுக்குக் கீழே இரண்டு மரச் சட்டங்கள். தரைத்தள வீட்டுக்காரர்களுக்கு மட்டும் இந்த யோசனை ஆகாது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் வேளச்சேரியில் என் சித்தி வீட்டுக் கட்டிலுக்கு அடியிலிருந்த ஆர்மோனியம் பெட்டியோடு மிதந்தது. நீங்கள் ஐப்பசி பிறந்ததும் கேஸைக் கட்டில் உயரத்துக்கு மேலே எங்காவது ஏற்றிவிடுங்கள், அலமாரியின் நடுத்தட்டு நல்லது.

சூட்டுக்கு அடுத்தது ஈரம். கிடாரின் மேல்பலகை மூன்று மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது. காற்றில் ஈரம் கூடினால் அதைக் குடித்து உப்பும், தந்தி விரல்பலகையை விட்டு மேலே ஏறும், அழுத்தினால் விரல் வலிக்கும். காய்ந்தால் சுருங்கும், ரொம்பக் காய்ந்தால் வெடிக்கும். 45 முதல் 55 சதவீத ஈரப்பதம் கிடாருக்கு உகந்தது. சென்னையில் மழைக்காலத்தில் 80ஐச் சாதாரணமாகத் தாண்டும். இங்கேதான் நான் இரண்டாவது முறை ஏமாந்தேன். குளிர்நாட்டுக்காரர்கள் சொன்னதைக் கேட்டு, சவுண்ட் ஹோலில், அதாவது மேல்பலகையின் வட்ட ஓட்டையில், தொங்கவிடும் ஈரப் பஞ்சு ஒன்று வாங்கினேன். அவர்களுக்குக் குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடி வீடு காய்ந்துபோகும், அதனால் ஈரம் ஊட்டுகிறார்கள். நமக்கு அந்த வியாதியே கிடையாது. பத்து நாளில் கேஸுக்குள் பூஞ்சை வாடை.

நமக்கு வேண்டியது ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல். அதற்கும் முன்னால் ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கிக் கேஸுக்குள் போடுங்கள். மலிவு மீட்டர்கள் பொய் சொல்லும் என்பதால் முதலில் சோதித்துவிடுங்கள். பாட்டில் மூடி ஒன்றில் உப்பைப் போட்டு, கரையாமல் சொதசொதவென்று நனையும் அளவுக்குத் தண்ணீர் விட்டு, மீட்டரோடு சேர்த்து ஜிப் கவரில் வைத்து மூடுங்கள். எட்டு மணி நேரம் கழித்து 75 காட்ட வேண்டும். என்னுடையது 70 காட்டியது. அன்றிலிருந்து அது சொல்வதோடு ஐந்தைக் கூட்டிக்கொள்கிறேன்.

சிலிக்கா ஜெல்லில் ஈரம் ஏறினால் நிறம் மாறும் வகையாக வாங்குவது நல்லது, ஆரஞ்சு பச்சையானதும் மாற்றிவிடலாம். இரண்டு பொட்டலங்களில் ஆரம்பித்து மீட்டரைப் பார்த்துக் கூட்டுங்கள், குறையுங்கள். 40க்குக் கீழே போனால் ஒன்றை எடுத்துவிடுங்கள். ராத்திரி ஏசி, பகலில் ஜன்னல் என்று இருக்கிற வீட்டில் ஈரப்பதம் ஏறி ஏறி இறங்கும். மூடிய கேஸுக்குள் அந்த ஆட்டம் அவ்வளவாகத் தெரியாது. துணிப் பையை விட்டு ஹார்ட் கேஸுக்கு மாறியதற்கு அதுவும் ஒரு காரணம்.

கேஸ் விஷயத்தில் ஒரு பழக்கம்: மூடினால் உடனே எல்லாக் கொக்கிகளையும் போடுங்கள், போட நேரமில்லை என்றால் மூடியைத் திறந்தே வையுங்கள். கொக்கி போட்டிருக்கிறது என்று நினைத்து யாராவது கைப்பிடியைப் பிடித்துத் தூக்குவார்கள், கிடார் தரையில் இருக்கும். எங்கள் வீட்டில் தூக்கியது என் தம்பி. தலைப்பக்கம் ஒரு சில்லு போனதோடு தப்பித்தது.

கண்ணெதிரே இருந்தால்தான் வாசிப்பேன் என்பவர்கள் சுவரில் மாட்டலாம், தப்பில்லை. ஆனால் மழைக்காலத்தில் ஓதம் காக்கிற வெளிச்சுவர் வேண்டாம், உள்சுவராகப் பாருங்கள். ஸ்டாண்டில் வைப்பதென்றால் கிடாரைத் தொடும் ரப்பரைக் கவனியுங்கள். பழைய நைட்ரோசெல்லுலோஸ் பாலிஷ் போட்ட கிடாரில் சில ரப்பர்கள் மாதக்கணக்கில் பட்டுக்கொண்டிருந்தால் பாலிஷே உருகித் தழும்பாகிவிடும். பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றிவிட்டால் போதும்.

கடற்கரைப் பக்கம் தந்திகள் துருப்பிடிப்பதைத் தடுக்க முடியாது, தள்ளிப்போடலாம். வாசித்து முடித்ததும் காய்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு தந்தியையும் மேலும் கீழுமாகத் துடைத்துவிட்டு உள்ளே வையுங்கள். அம்மா தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னாள். அம்மாவுக்குத் தலைவலி முதல் கதவுக் கீல் வரை அதுதான் மருந்து. தடவாதீர்கள், பிசுபிசுத்துத் தூசி அப்பிக்கொள்ளும்.

ஊருக்குப் போகிறீர்கள், இரண்டு மூன்று மாதம் ஆகும் என்றால் தந்திகளை ஒரு சுரம் அளவுக்கு இறக்கிவிடுங்கள். முழுக்கக் கழற்ற வேண்டாம். கிடாரின் கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பி தந்தியின் இழுவைக்கு எதிராகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. எதிராளி திடீரென்று கயிற்றை விட்டால் என்ன ஆகும், கழுத்து பின்பக்கம் வளையும். ஒலியை ஸ்பீக்கருக்கு அனுப்பும் பிக்கப் வைத்த கிடாரானால் 9 வோல்ட் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள், கசிந்தால் ஒயரெல்லாம் பச்சை பூத்துவிடும். திரும்பி வந்ததும் பிரிட்ஜின் பின்விளிம்பில் ஒரு தாளின் ஓரத்தை நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால் அன்றே தந்திகளைத் தளர்த்திப் பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோங்கள். உடனே பிடிக்கும் பசையை வாங்கி நீங்களே ஒட்டாதீர்கள். அதைச் சுரண்டி எடுக்கிற கூலிதான் அதிகம்.

பூச்சிகளில் கரப்பானை எல்லாரும் நினைப்பார்கள், குளவியை நினைக்க மாட்டார்கள். பழுது பார்த்து வந்த புதிதில் கிடாரை ஜன்னலோரம் ஸ்டாண்டில் வைத்திருந்தேன். சவுண்ட் ஹோலுக்குள் குளவி ஒன்று மண் கொண்டுவந்து கூடு கட்டிவிட்டது. தட்டப் போனால் மாமியார் விடவில்லை. குளவி கூடு கட்டினால் வீட்டில் குழந்தை பிறக்குமாம். காலியாகும்வரை காத்திருந்து, ஒரு நாள் அவர் கோயிலுக்குப் போன நேரம் பார்த்துப் பழைய டூத் பிரஷ்ஷால் சுரண்டி எடுத்தேன். மறுநாளே போய்க் கேஸ் வாங்கி வந்தேன்.