பாட்டு சோறு போடாத வருஷங்கள ஓட்டுறது எப்படி

சோல்ங்கற அமெரிக்கக் கறுப்பின மக்களோட பாட்டு வகைய பாடுறேன்னு சொன்னா, சிங்கப்பூர் தேக்கால பாதி பேரு "பக்திப் பாட்டா?"ன்னு கேப்பாங்க, அதுவும் முழுசா தப்பில்ல, சர்ச்சுல வளந்த பாட்டு தானே. இதுல ஏத்தம் வர்றதுக்குள்ள எறக்கம் நாலு தடவ வந்துரும், அதுக்கு இப்பவே ரெடியாகிக்கோங்க.

மொதல்ல, பகல் வேலைய விடாதீங்க. அமெரிக்க சோல் பாடகர் பில் விதர்ஸோட முதல் ஆல்பம் 1971ல வந்தப்ப அவரு விமான டாய்லெட் செய்யுற ஃபேக்டரில வேலை பாத்துட்டு இருந்தாரு, அட்டைப்படத்துலயே கையில சாப்பாட்டுப் பெட்டியோட நிப்பாரு. நான் துவாஸ் தொழிற்பேட்டைல ஸ்டோர் வேலை, சனி ஞாயிறு கல்யாண மேடை.

கல்யாண மேடைன்னு எளக்காரமா நெனைக்காதீங்க. சோல் பாடகி ஷாரன் ஜோன்ஸ் கல்யாண பேண்டுல பாடி, ஜெயில்ல காவலுக்கு நின்னு, முதல் ஆல்பம் 2002ல வர்றப்ப வயசு நாப்பத தாண்டிருச்சு. நான் அங்க கத்துக்கிட்டது ஒன்னு தான். எட்டரை மணிக்கு பஃபே மூடிய தொறந்த உடனே மொத்த ஹாலும் பிரியாணி பக்கம் போயிரும், தட்டு சத்தத்துக்கு மேல கத்தத் தோணும், கத்தாதீங்க, குரல எறக்கி, வரிக்கு நடுவுல கொஞ்சம் எடம் விட்டு பாடுங்க, முன் மேசைல ஒரு பாட்டியாவது திரும்பிப் பாக்கும். சோல் பாடகர் அல் கிரீனையும் அவரோட தயாரிப்பாளர் வில்லி மிட்சல் இப்படித்தான் மெதுவா பாட வச்சாரு, 1972ல அவரு பாட்டு அமெரிக்காவுல நம்பர் ஒன்.

காசு விஷயம்: பாதி முன்பணம் வாங்காம மேடை ஏறாதீங்க, வாட்ஸ்அப்புலயாவது எழுதி வாங்குங்க. அவ்ளோதான்.

பேரு விஷயத்துல தான் நான் நல்லா அடி வாங்குனேன். ஆறு வருஷம் ஒரு பேண்டுல பாடுன வீடியோ பூரா அவங்க பேஜ்ல கெடக்கு, வெளிய வந்தப்ப என்கிட்ட ஒன்னுகூட இல்ல. பாடகி டீனா டர்னரோட பேரே புருஷன் வச்சது தான், ஆனா 1978ல விவாகரத்து ஆனப்ப அந்தப் பேர மட்டும் விடாம வாங்கிக்கிட்டாங்க, 1984ல 44 வயசுல திரும்ப உச்சிக்கு வந்தப்ப அந்தப் பேரு தான் நின்னுச்சு. அதனால உங்க பேர்ல ஒரு சேனல் இன்னைக்கே தொறந்துருங்க.

புக்கிங்கே இல்லாத மாசத்துல வாரம் ஒரு எடத்துலயாவது பாடிட்டே இருக்கணும். தெருவுல பாடலாம், ஆனா தேசியக் கலைகள் மன்றத்துல ஆடிஷன் பாஸ் பண்ணி லைசென்ஸ் எடுக்கணும், குறிச்ச எடத்துல தான் நிக்க முடியும். அல் கிரீன் 1976ல மெம்ஃபிஸ்ல சர்ச்சே வாங்கிட்டாரு, நமக்கு அவ்ளோ காசு ஏது, நான் வெள்ளிக்கிழம கோயில் பஜனைக்குப் போறேன், மைக் கெடையாது, ஆர்மோனியக்காரர் எந்தக் கட்டைல புடிக்கிறாரோ அதுலயே பாடணும்.