ஆஸ்பெர்கர் பாத்திரங்களைச் சினிமாவில் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கதையில் ஆஸ்பெர்கர் (ஆட்டிசத்தின் ஒரு வகையாகச் சொல்லப்பட்டுவந்த நிலை) உள்ள ஒருவரைக் கொண்டுவந்ததும் பலரும் முதலில் செய்வது, அவருக்கு ஓர் அபூர்வத் திறமையைக் கொடுப்பது. பெரிய கணக்கை நொடியில் போடுவார், படித்த எதையும் மறக்க மாட்டார், இப்படி ஏதாவது. 1988இல் வந்த ‘ரெயின் மேன்’ தான் இந்தப் பிம்பத்தை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. அந்தப் பாத்திரத்துக்குத் தூண்டுதலாக இருந்த கிம் பீக்கின் நினைவாற்றல் அபாரமானதுதான், ஆனால் அவருக்கு ஆட்டிசம் இல்லை என்றே பின்னர் மருத்துவர்கள் கருதினார்கள். அப்படிப்பட்ட திறமை ஆட்டிசம் உள்ளவர்களில் சிலருக்குத்தான் உண்டு. மற்றவர்கள், “சரி, உனக்கு என்ன ஸ்பெஷலா வரும்?” என்ற கேள்விக்குக் காலம் முழுக்கப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், ஒன்றும் வராது என்றால் கேட்டவர் முகம் வாடுவதையும் பார்க்கிறார்கள்.

இதைவிட எனக்குக் கோபம் வருவது, உணர்ச்சியே இல்லாத ரோபோ மாதிரி காட்டும்போது. கண்ணைப் பார்த்துப் பேசவில்லை, குரலில் ஏற்ற இறக்கம் இல்லை, உடனே இவருக்கு யார் மீதும் அக்கறை இல்லை என்று படம் முடிவுகட்டிவிடுகிறது. ஆட்டிசம் உள்ள ஆய்வாளரான டேமியன் மில்டன் 2012இல் ஒன்றைத் தெளிவாகச் சொன்னார்: புரிந்துகொள்வதில் வரும் சிக்கலுக்கு இரண்டு பக்கம் உண்டு, ஆட்டிசம் இல்லாதவர்களும் எதிரில் இருப்பவரின் மனசைப் படிக்கத் தடுமாறுகிறார்கள். நம் திரைக்கதைகளில் அந்த இரண்டாவது தடுமாற்றம் வருவதே இல்லை, திருந்த வேண்டியவர் எப்போதும் ஒரே ஆள்தான்.

மெல்ட்டவுன் காட்சிகளையும், அதாவது தாங்க முடியாமல் போய் அவர் கட்டுப்பாட்டை இழக்கும் காட்சிகளையும், கவனமாக எழுத வேண்டும். கேமரா தள்ளி நின்று, அவர் காதைப் பொத்திக்கொண்டு கத்துவதை மட்டும் காட்டினால் அது பார்ப்பவருக்கு அடம் பிடிப்பது போலத்தான் தெரியும், ஏனென்றால் அதற்கு முன்னால் மணிக்கணக்காகச் சேர்ந்த சத்தம், வெளிச்சம், கூட்டம், திடீரென்று மாறிய திட்டம், அதையெல்லாம் பல்லைக் கடித்துத் தாங்கிய களைப்பு எதுவும் காட்சியில் இல்லை. ஒலியமைப்பை அவர் காது வழியாக அமைத்துப் பாருங்கள், காட்சியே மாறிவிடும். அப்புறம், அவரைக் குப்புறத் தள்ளி மேலே படுத்து அழுத்திப் பிடிப்பதை அன்பான உதவியாகக் காட்டவே கூடாது. ‘மியூசிக்’ படத்துக்கு 2021இல் பலத்த எதிர்ப்பு எழுந்ததற்கு இதுவும் ஒரு காரணம். மூச்சு அடைத்து உயிரே போகக்கூடிய செயல் அது.

பெண்களை மறந்துவிடுவது இன்னொரு தவறு. பல பெண்கள் சிறு வயதிலிருந்தே பிறரைப் பார்த்துப் பழகித் தங்கள் இயல்பை மறைத்துக்கொள்வதால், நடுவயதில்தான் விஷயம் தெரியவருகிறது. அதில் எவ்வளவு கதை இருக்கிறது! அதேபோல, கடைசிக் காட்சியில் கட்டிப்பிடித்ததும் எல்லாம் ‘சரியாகிவிட்டது’ என்று முடிக்காதீர்கள். இது நோய் இல்லை, குணமாவதற்கு.

இன்றைய காலத்தில் நடக்கும் கதை என்றால் ஒரு சின்ன விஷயம். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 2013லேயே ஆஸ்பெர்கரைத் தனிப்பெயராக வைக்காமல் ஆட்டிசத்தோடு சேர்த்துவிட்டது. அதைப் பின்பற்றும் டாக்டர் பாத்திரம் இப்போது அந்தப் பெயரைப் புதிதாக எழுதிக் கொடுக்க மாட்டார். ஆனால் முன்பே அந்தப் பெயரோடு வளர்ந்த ஒருவர் தன்னை அப்படியே சொல்லிக்கொள்ளலாம்.

ஆலோசனை கேட்பதாக இருந்தால் ஆட்டிசம் உள்ளவர்களிடமே கேளுங்கள், அதுவும் திரைக்கதை எழுதும்போதே, சம்பளம் கொடுத்து. படம் முடிந்த பிறகு போட்டுக்காட்டினால் அவர்களால் எதையும் மாற்ற முடியாது.